அத்தை வீட்டு டப்பாவில் கார்டிசெப்ஸ்: எது அசல், என்ன விலை போகும்

பழைய வண்ணாரப்பேட்டையில் அத்தை வீட்டு பீரோவில் கிடந்த கார்டிசெப்ஸ் (புழுவில் வளரும், மருந்தென்று விற்கிற பூஞ்சை) முழுவதையும் ஒருவழியாகப் பிரித்து, எடை போட்டு, கணக்கு எழுதி முடித்துவிட்டேன். எது அசல், எது போலி என்பதற்கு வீட்டு மேஜையிலேயே விடை கிடைத்தது. என்ன விலைக்குப் போகும் என்ற கேள்விக்குத்தான் நிறைய அலைய வேண்டியிருந்தது. துறைமுகத்தையும் கப்பலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஏராளம். இப்படி ஒரு பாட்டில் வேறு வீட்டு பீரோக்களிலும் இருக்கும். அவர்களுக்கு உதவட்டும் என்று, செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சரக்கு மூன்று விதமாக இருந்தது. மாமா கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். அவர் வாங்கி வந்த கண்ணாடி பாட்டிலில், சிவப்பு நூல் சுற்றிய மூன்று கட்டுகள், கட்டுக்குப் பத்துத் துண்டு. மூடியில் அவர் கையெழுத்தில் 'ஹாங்காங் 2014' என்று ஒட்டியிருந்தது. அடுத்தது ஒரு பிளாஸ்டிக் கவரில் உதிரியாக 40 துண்டு. கடன் திருப்பித் தர முடியாத ஒருவர், பணத்துக்குப் பதிலாக மாமாவிடம் கொடுத்தது. மூன்றாவது, அத்தையின் மகன் முழங்கால் வலிக்கென்று வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறப் பவுடர் டப்பா.

கிலோ பல லட்சம் என்று அத்தை டிவியில் பார்த்திருக்கிறார். "இன்னாப்பா, இது தேறுமா? மாடி ஒழுகுது, இத வித்து தளம் போட்டுடலாமா?" என்றுதான் என்னிடம் எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விலை உயர்ந்த கார்டிசெப்ஸ் என்பது இமயமலையிலும் திபெத் பீடபூமியிலும், பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேல், மண்ணுக்குள் வாழும் ஒரு அந்துப்பூச்சியின் புழுவில் வளரும் பூஞ்சை. பூஞ்சை புழுவைக் கொன்று உடலை நிரப்பிவிடும். பனி உருகும் காலத்தில் புழுவின் தலையிலிருந்து ஒரு தண்டு மண்ணுக்கு வெளியே நீட்டும். உத்தராகண்டில் பித்தோராகட், சமோலி மாவட்டங்களிலும் நேபாளத்தில் டோல்பா போன்ற இடங்களிலும் கோடையின் தொடக்கத்தில் மக்கள் புல்வெளியில் மண்டியிட்டுத் தேடி எடுப்பது இதைத்தான். இந்தியில் கீடா ஜடி, நேபாளத்தில் யார்சா கும்பா. 2007இல் விஞ்ஞானிகள் இதை ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடை லேபிளில் இன்னும் பழைய பெயர்தான். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ். அதைப் புழுவே இல்லாமல் அரிசியில் அறைக்குள் வளர்க்க முடியும். இரண்டும் வேறு இனம், வேறு விலை. பேசுகிற எல்லோரும் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

என் தொழில் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ். சவுகார்பேட்டை நகைப் பட்டறைகளுக்குப் போய்வருவதால் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசும், சரிபார்க்கிற எடைக்கற்களும் கையில் இருந்தன. தட்டார்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன், 220 ரூபாய். நீளமும் பருமனும் அளக்க பிளாஸ்டிக் வெர்னியர் 150. புது பிளேடு, பொவிடோன் அயோடின் சின்ன பாட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் எல்லாம் சேர்த்து இன்னொரு 160. மில்லிகிராம் தராசு இல்லாதவர்களுக்கு 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசே போதும்.

முதலில் முகர்ந்து பார்த்தேன். அசலுக்கு லேசான மீன் வாடையும் காளான் வாசனையும் இருக்கும் என்பார்கள். ஆனால் பீரோவில் வருஷக்கணக்காக அந்துருண்டையோடு இருந்த சரக்கில் அந்துருண்டை வாசனைதான் தூக்கலாக இருந்தது. நம் ஊர் பீரோச் சரக்குக்கு மூக்கு சாட்சி செல்லாது. நேராக லென்ஸுக்குப் போய்விட்டேன்.

சிவப்பு நூல் கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். புழுவின் உடல் 4.1 செ.மீ., குறுக்கே 5 மி.மீ. மங்கிய மஞ்சள் பழுப்பு. தலை மட்டும் செம்பழுப்பு. உடல் நெடுக வளையங்கள், தலைப்பக்கம் நெருக்கமாக, போகப்போக அகலமாக. அசலில் 20 முதல் 30 வளையம் இருக்கும். ஊசி முனையால் எண்ணிக்கொண்டே போனதில் 26 வந்தது. அடுத்தது கால்கள். வயிற்றுப் பக்கம் திருப்பினால் மொத்தம் எட்டு ஜோடி: தலைக்குக் கீழே மூன்று ஜோடி சின்னதாக, நடுவில் நான்கு ஜோடி நன்றாகப் புடைத்துக்கொண்டு, வால் முனையில் ஒன்று. அந்த நடு நான்கு ஜோடிதான் வெறும் கண்ணுக்கே தெரிகிற பெரிய அடையாளம். தண்டு தலையிலிருந்து கிளம்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லென்ஸில் பார்த்தபோது தண்டின் அடிப்பகுதி தலையைச் சுற்றிக் கவிந்து, அதோடு ஒன்றாகவே வளர்ந்திருந்தது. ஒட்டு வைத்த இடம் போல மினுமினுப்போ விளிம்போ இல்லை. தண்டு கரும்பழுப்பு, நீளவாக்கில் மெல்லிய சுருக்கங்கள்.

முப்பது துண்டும் இந்தச் சோதனையில் தேறின. அதை நம்பி நிறுத்தியிருந்தால் இரண்டு துண்டு தப்பித்திருக்கும்.

கவர் சரக்கு லென்ஸுக்கு அடியில் வந்ததுமே அம்பலமாகிவிட்டது. 40இல் 9 துண்டு அச்சில் அழுத்திச் செய்தவை. ஒன்பதிலும் ஒரே இடத்தில் ஒரே வளைவு, ஒரே கீறல். பக்கவாட்டில் அச்சு மூடிய கோடு மெல்லியதாகத் தெரிந்தது. மீதி 31 செடியின் கிழங்கு. துளசிக் குடும்பத்தில் ஸ்டாக்கிஸ் என்று ஒரு செடி உண்டு. அதன் கிழங்கு இரண்டு முனையும் கூராக, கணுக்கணுவாக, காய்ந்தால் புழுவைப் போலவே இருக்கும். கார்டிசெப்ஸ் என்று விற்க வழக்கமாகப் பயன்படுத்துவது அதைத்தான். கணுக்கள் வளையம் போலத் தெரிந்தாலும் எண்ணிக்கை மிகக் குறைவு. கால் கிடையாது, தலை கிடையாது. கணுவில் மொட்டு இருந்த புள்ளி தெரிந்தது. முனையில் சாயம் தோய்த்த ஒரு குச்சியைச் செருகி ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து கண்ணாடி போல மின்னியது.

அடுத்தது எடை. மில்லிகிராம் தராசில் வேலை செய்யும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கும். அக்னி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது கொஞ்சம் கஷ்டம்தான். சிவப்பு நூலைக் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், பருமன், எடை என மூன்று பத்தி போட்டு எழுதினேன். நூல் இல்லாமல் மொத்தம் 11.3 கிராம். 28 துண்டுகள் 0.28க்கும் 0.44க்கும் நடுவில், சராசரி 0.36. இரண்டு மட்டும் 0.62, 0.59. அளவில் மற்றவற்றைப் போலவேதான் இருந்தன. நீளமும் பருமனும் வெர்னியரில் வித்தியாசம் காட்டவில்லை.

காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அசையவில்லை. இரும்பு இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். 0.62 கிராம் துண்டைப் புது பிளேடால் உடலின் நடுவில் குறுக்கே வெட்டினேன். பாதி வழியில் பிளேடு எதிலோ தட்டி நின்றது. இரண்டாகப் பிளந்து பார்த்தால், நடுவில் மிருதுவான சாம்பல் நிறக் கம்பி, நகத்தால் கீறினாலே கோடு விழுகிறது. ஈயம். வால் பக்கத்தில் ஊசித் துளை போட்டு உள்ளே செலுத்தி, அதே நிறத்துப் பசையால் மூடியிருந்தார்கள். துளை இருந்த இடத்தைத் தெரிந்துகொண்டு லென்ஸில் பார்த்தபோதுதான் அது புலப்பட்டது. இன்னொரு துண்டிலும் அதே கதை. புழு அசல்தான், ஆனால் எடைக்கு விற்கிற பொருளில் கம்பி புகுந்தால் அது திருட்டு. சாப்பிடுகிற பொருளில் ஈயம் புகுந்தால் அதைவிடப் பெரிய குற்றம். தராசுத் தொழிலில் எத்தனையோ எடை மோசடி பார்த்திருக்கிறேன். இதுபோல் மனதை வருத்தியது எதுவுமில்லை. மாமா அதை மருந்து என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல துண்டு ஒன்றையும் வெட்டினேன். வெட்டு முகம் தட்டையாக, வெள்ளையும் இளமஞ்சளுமாக, ஓரம் மட்டும் கொஞ்சம் அடர்ந்து இருந்தது. நடுவில் கருப்பாக ஒரு சின்ன 'V' வடிவம். புழுவின் குடல் இருந்த இடம் அது. அசலுக்கு இதைவிட நம்பகமான ஒரே அடையாளம் என்று என்னைக் கேட்டால் வேறு சொல்ல மாட்டேன். கிழங்கை வெட்டினால் செடித்தண்டுக்கே உரிய வட்டம் தெரியும். அச்சுத் துண்டு வெட்டினால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி பொடிகிறது.

வெட்டிய பாதிகளை வைத்தே தண்ணீர்ச் சோதனையும் செய்தேன். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், மூன்று கிளாஸ். அசல் பாதி மெல்ல உப்பி மிருதுவானது, தண்டு தலையை விட்டுக் கழலவில்லை, தண்ணீர் லேசான மஞ்சள். கிழங்கில் ஒட்டியிருந்த குச்சி சீக்கிரமே தனியாக மிதந்தது. சாயம் பழுப்பாக இறங்கியது. அச்சுத் துண்டு அடியில் கூழாகிவிட்டது.

அயோடின் சோதனையில் கொஞ்சம் தடுமாற்றம். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும் என்று பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அச்சுத் துண்டின் கூழில் இரண்டு சொட்டு விட்டதும் உடனே கறுத்தது, மைதாவோ அரிசி மாவோ. ஆனால் கிழங்கில் விட்டால் நிறம் பெரிதாக மாறவில்லை. நான் அதுவரை கிழங்கு என்றாலே மாவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாக்கிஸ் தன் சேமிப்பை மாவாக வைப்பதில்லை, ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரையாக வைக்கிறது. ஆகவே அயோடினில் கறுக்கவில்லை என்பதற்காக ஒரு துண்டை அசல் என்று சொல்லிவிடக் கூடாது. அது மாவுப் போலியை மட்டும்தான் பிடிக்கும்.

அயோடின் உண்மையில் உதவியது ஆரஞ்சு பவுடரில். அரை ஸ்பூன் பவுடரைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சூட்டோடு சொட்டு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நல்ல பவுடர் போலிருக்கிறது என்று எழுதிவிட்டு, கிளாஸை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிளாஸ் முழுக்க கருநீலம். மாவும் அயோடினும் சேர்ந்த நிறம் சூட்டில் நிற்காது, ஆறினால்தான் வரும். மறுபடி ஆறவைத்தே செய்தேன், பக்கத்தில் அரிசி மாவுக் கரைசல் ஒன்றும் வெறும் தண்ணீர் ஒன்றும் வைத்து. பவுடர் அரிசி மாவுக்கு அடுத்தபடியாகக் கறுத்தது. அதாவது, பூஞ்சையைக் காளானாக முளைத்த பிறகு பறித்துக் காயவைக்காமல், அது வளர்ந்த அரிசியோடு சேர்த்தே அரைத்திருக்கிறார்கள். லேபிளில் அரிசி என்ற பேச்சே இல்லை. மிலிடாரிஸ் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. கார்டிசெபின் என்ற சேர்மத்தை முதலில் பிரித்தெடுத்ததே அந்த இனத்திலிருந்துதான். ஆனால் காளான் விலை கொடுத்துச் சோறு வாங்கக் கூடாது அல்லவா.

காற்றின் ஈரமும் எடையில் சேரும் என்பதால் அதையும் பார்த்தேன். நம் பக்கம் கடல்காற்று. நல்ல துண்டுகளில் பத்தை எடுத்து, 3.71 கிராம் என்று குறித்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தேன். எடை இறங்கி 3.42இல் நின்றது. கிட்டத்தட்ட 8 சதவீதம் தண்ணீர். கிராம் கணக்கில் விலை பேசுகிற பொருளுக்கு இது சின்ன விஷயமில்லை. வாங்குகிறவர் காயவைத்து எடை போட்டால் விற்கிறவர் வாயைத் திறக்க முடியாது.

இப்போது விலை. ஹாங்காங், சீனச் சந்தையில் தரம் பிரிப்பது, ஒரு குறிப்பிட்ட எடைக்கு எத்தனை துண்டு நிற்கிறது என்பதை வைத்து. எண்ணிக்கை குறையக் குறைய துண்டு பெரிது, விலை கூடும். நம் சரக்கு 0.36 கிராம் சராசரி என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 2,800 துண்டு. நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு உடல் கெட்டியாக இருக்க வேண்டும், தண்டு உடலைவிட ரொம்ப நீளக் கூடாது. தண்டு நீண்டுவிட்டால் உடலில் சத்து வற்றி உள்ளே கூடாகிவிட்டது என்று அர்த்தம். 28ஐயும் விரலால் அழுத்திப் பார்த்ததில் ஐந்தாறு துண்டு அமுங்கின. மூன்றில் குண்டூசித் துளையும் பொடியும் இருந்தது, வண்டு அரித்திருக்கிறது.

அத்தைக்குக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கிலோ 10 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 1,000 ரூபாய். நம்மிடம் அசலாக இருப்பது 10.1 கிராம். ஆக, குறையே இல்லாத புதுச் சரக்காக இருந்தால்கூட 10,100 ரூபாய். இது 2014 சரக்கு, நிறம் மங்கியது, சிலது வண்டு தின்றது. டிவி சொல்லும் லட்சம் கிலோவுக்கு. வீட்டு பாட்டிலில் இருப்பது கிராம். அத்தை காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அந்த விலையாவது யாரு குடுப்பா?" என்றார். சரியான கேள்வி.

பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டேன். ஒரு பெரியவர் லென்ஸ் கூட இல்லாமல் கையில் உருட்டிப் பார்த்து அசல் என்று சொன்னார். வாங்கிக்கொள்ள மட்டும் மறுத்துவிட்டார். "இது சித்தத்துல இல்லாத சரக்கு தம்பி. கேட்டு வர்ற ஆளும் இல்ல. வாங்கி வச்சா பூச்சிதான் தின்னும்." பர்மா பஜாரில் ஒருவர் கிராமுக்கு 150 ரூபாய் என்று ஆரம்பித்து, கம்பி இருந்த துண்டைக் காட்டியதும் அமைதியாகிவிட்டார். வடக்கே இந்த வியாபாரத்தில் இருக்கும் ஒரு தரகரின் எண் கிடைத்துப் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி எடை இல்லை, ரசீது. உத்தராகண்டில் எடுக்கப்படும் சரக்கு வன பஞ்சாயத்து (காட்டைப் பார்த்துக்கொள்ளும் கிராமக் குழு), வனத்துறை வழியாகக் கணக்கில் வர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாததைத் தொட மாட்டேன் என்றார். நியாயமான ஆள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்திய மண்ணில் எடுத்த உயிரியல் வளத்தை வெளிநாட்டுக்காரருக்குக் கைமாற்றுவதை 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையத்தின் அலுவலகம் நம் ஊர் தரமணியில்தான் இருக்கிறது. மாமா ஹாங்காங்கில் வாங்கியது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூடியில் ஒட்டிய கையெழுத்து பில் ஆகாது. அங்கே வாங்கியது என்று நிரூபிக்கவும் வழியில்லை, இங்கே எடுத்தது இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன், கூரியரில் அனுப்பு என்று சொன்ன ஒருவரை அப்போதே மறுத்துவிட்டேன். 2020இல் இந்தப் பூஞ்சையை, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காகிதம் கேட்கிறவர்கள் காரணத்தோடுதான் கேட்கிறார்கள்.

விற்க முடியாவிட்டால் பாலில் போட்டுக் குடித்துவிடலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 2016இல் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டது: சோதித்த கார்டிசெப்ஸில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக். அங்கே ஊட்டச்சத்துப் பொருட்களுக்கான வரம்பு 1 மில்லிகிராம். அசலாக இருந்தாலும் இதே நிலைதான். நம்முடையதிலோ ஈயக் கம்பி கிடந்த கட்டிலிருந்து வந்த துண்டுகள் வேறு. முழங்காலுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது.

மொத்தச் செலவு 530 ரூபாய், பஸ் காசு தனி. டி.என்.ஏ. சோதனைக்குத் தனியார் லேப் ஒன்றில் கேட்டேன். ஒரு மாதிரிக்கே சில ஆயிரம் சொன்னார்கள். 10 கிராம் சரக்குக்கு அது கட்டுப்படியாகாது. கிலோ கணக்கில் வாங்குகிறவர் கட்டாயம் செய்ய வேண்டும்.

கிழங்கு, அச்சுத் துண்டு, ஈயம் இருந்தவை எல்லாவற்றையும் மறுபடி யார் கையிலும் சிக்காதபடி நசுக்கிப் போட்டாயிற்று. நல்ல துண்டுகள் சிலிக்கா ஜெல்லோடு ஃப்ரிட்ஜில் இருக்கின்றன, எடையும் தேதியும் எழுதிய சீட்டோடு. மாடித் தளத்துக்கு அத்தை சீட்டுப் பணத்தை எடுக்கப்போகிறார்.

அடுத்த தடவை இரண்டு விஷயம் மாற்றுவேன். எடையில் தனித்து நிற்கும் துண்டை உடனே வெட்டாமல், முதலில் எக்ஸ்ரே எடுப்பேன். ஈயமோ இரும்போ எதுவானாலும் படத்தில் பளிச்சென்று தெரியும், துண்டும் சேதமாகாது. எங்கள் தெருவில் இருக்கும் பல் டாக்டரிடம் கேட்டதற்கு, பல்லுக்கு எடுக்கும் சென்சாரிலேயே எடுத்துத் தருகிறேன் என்றார். இரண்டாவது, எடை போடுவதற்கு முன்பே எல்லாத் துண்டையும் காயவைத்துவிடுவேன். முதல் பட்டியல் முழுக்க ஈரத்தோடு எடுத்த எடையாகிவிட்டது. தண்டையார்பேட்டையில் ஒருவர், அப்பா வைத்திருந்த பாட்டில் என்று போன் செய்திருக்கிறார். பில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.